லொக்கேஷன் ஆப் கிராஷ் ஆகுறதுக்கு யானைமலை என்ன பண்ணும்?

இந்தத் தடவ பதில் எழுத எடுத்துக்கிட்டது மதுரை வில்லாபுரம் பக்கத்துல இருந்து ஒரு தம்பி அனுப்புன கடிதம். நாலு பக்கம், கூடவே மூணு கிராஷ் லாக், அதாவது ஆப் தானா விழுறப்ப (கிராஷ்) ஏன் விழுந்துச்சுன்னு போன் எழுதி வைக்கிற குறிப்பு. ஆள் அடையாளம் தெரியுற விஷயத்தயெல்லாம் எடுத்துட்டு சுருக்கமா சொல்லிடுறேன்.

தம்பியோட பெரியப்பா இட்லி மாவு அரைச்சு பாக்கெட் போட்டு கடைகளுக்கு சப்ளை பண்றவர். காலைல அஞ்சரைக்கெல்லாம் 11 பசங்க பைக்ல கிளம்பி அவனியாபுரம், அனுப்பானடி, சிம்மக்கல், ஒத்தக்கடைன்னு ஆளுக்கொரு லைனா போறாங்க. மாவுல நேரம்தான் எல்லாம், வெயில் ஏறிருச்சுன்னா பாக்கெட் உப்பி தலகாணி மாதிரி ஆயிரும், கடைக்காரர் கையால தொடவே மாட்டார். யார் எங்க போய்க்கிட்டு இருக்காங்கன்னு பெரியப்பா போன்ல தெரியுற மாதிரி தம்பி ஒரு ஆண்ட்ராய்டு ஆப் பண்ணிக் குடுத்துருக்கார். காலேஜ் சீனியர் ஒருத்தர் குடுத்த பழைய கோடு, அதுக்கு மேல வீடியோ பாத்து கத்துக்கிட்டது. ப்ளே ஸ்டோர்லல்லாம் போடல, ஏபிகே ஃபைல வாட்ஸ்ஆப்ல அனுப்பி இன்ஸ்டால் பண்றது. பசங்க ஆப்ப தொறந்து "கிளம்பிட்டேன்"னு ஒரு பட்டன அமுக்கணும், அது பச்சையாகும், மேப்ல புள்ளி நகர ஆரம்பிக்கும்.

பிரச்சனை என்னன்னா தினம் காலைல மூணு நாலு போன்ல ஆப் படார்னு மூடிக்கிட்டு இருந்துச்சு. தம்பி இத நெட்வொர்க்னு முடிவு பண்ணி அஞ்சு பேருக்கு சிம் மாத்திட்டார், ஒத்தக்கடை லைனுக்கு அங்க இருக்குற யானைமலைப் பாறை சிக்னல மறைக்குதுன்னு வேற கம்பெனி சிம். சரியாகல. போன மாசம் லொக்கேஷன் கோடு முழுக்க ட்ரை-கேட்ச்சுக்குள்ள, அதாவது தப்பு வந்தா ஆப் விழாம புடிச்சுக்குற கோடுக்குள்ள, போட்டுட்டார். கிராஷ் நின்னுருச்சு, ஆனா சில நாள் சில பேரோட புள்ளியே மேப்ல வரல. பெரியப்பா என்ன நினைச்சார்னா பசங்க வேணும்னே ஆஃப் பண்ணிட்டு எங்கயோ டீக்கடைல உக்காந்துக்கிறாங்கன்னு. அதுல அதிகமா மாட்டுன ஒரு பையனுக்கு இன்சென்டிவ் 600 ரூபாய புடிச்சுட்டார். அந்தப் பையன் "நான் அமுக்குனேண்ணே, பச்சையாத்தான் இருந்துச்சு"ன்னு சொல்றான், யாரும் நம்பல.

கேள்வி நாலு. நெட்வொர்க்குக்கு என்ன பண்றது? 11 பேருக்கும் புது போன் வாங்கிறலாமா? பசங்க ஆஃப் பண்ண முடியாத மாதிரி 24 மணி நேரமும் ஓடுற மாதிரி பண்ணலாமா? திருமங்கலத்துல இன்னொரு மாவுக்காரர் இந்த ஆப்ப விலைக்கு கேக்குறார், குடுக்கலாமா?

தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். லாக் அனுப்புனீங்க பாருங்க, அதுக்கே பாதி மார்க். நமக்கு வர்ற கடிதம் நெறய "ஆப் வொர்க் ஆகலண்ணே"ன்னு ஒரே வரில இருக்கும், அத வச்சுக்கிட்டு நான் என்ன ஜோசியமா பாக்க முடியும்.

கனெக்ஷன்னா எந்த கனெக்ஷன்?

உங்க முதல் ரெண்டு லாக்லயும் ஒரே வரி: இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன் (எக்ஸெப்ஷன்னா கோடு ஓடுறப்ப வர்ற தப்பு), கூகுள் ஏபிஐ கிளையன்ட் ஈஸ் நாட் கனெக்டட் யெட். இந்த "நாட் கனெக்டட்"ங்கறத நீங்க டவர்னு எடுத்துக்கிட்டீங்க. நீங்க மட்டுமில்ல, முக்காவாசி பேர் அப்படித்தான் எடுத்துக்குறாங்க, அந்த வார்த்த அப்படி. ஆனா இதுக்கும் சிம்முக்கும் சம்பந்தமே இல்ல. போன்ல உங்க ஆப் ஒரு ப்ராசஸ் (தனியா ஓடுற புரோகிராம்), கூகுள் ப்ளே சர்வீசஸ் வேற ஒரு ப்ராசஸ். லொக்கேஷன் கண்டுபுடிச்சுக் குடுக்குறது அவங்க. உங்க ஆப் அந்த கூகுள் ஏபிஐ கிளையன்ட் வழியா அவங்களோட போய் கைகோத்துக்கணும், அந்த கைகோக்குறதத்தான் கனெக்ஷன்னு சொல்றாங்க. எல்லாம் அந்த ஒரு போனுக்குள்ளயே நடக்குறது. ஏரோப்ளேன் மோடுல போட்டாலும் அந்த கனெக்ஷன் கெடைக்கும், அஞ்சு கட்டை சிக்னல் இருந்தாலும் அது ரெடியாகாம இருக்கலாம்.

இப்ப உங்க கோடு என்ன பண்ணுது? ஆப் ஸ்கிரீன் வர்றப்ப ஓடுற ஆன்ஸ்டார்ட்ல கனெக்ட்னு கூப்பிடுறீங்க. அது உடனே முடியுற வேலை இல்ல. கிரைண்டர் சுவிட்ச போட்ட உடனே மாவு வந்துருமா, உங்களுக்கு நான் சொல்லணுமா. சுவிட்ச் போடுறது கனெக்ட், மாவு ரெடின்னு குரல் குடுக்குறது ஆன்கனெக்டட். நடுவுல நேரம் இருக்கு. நல்ல போன்ல கண்ணச் சிமிட்டுற நேரம், காலைல அப்பத்தான் ஆன் பண்ணுன 2 ஜிபி ராம் போன்ல ஒண்ணு ரெண்டு செகண்ட் கூட இழுக்கும். உங்க "கிளம்பிட்டேன்" பட்டன் அந்தக் குரலுக்கு காத்திருக்கல. அமுக்குன நொடியில ரிக்வெஸ்ட் லொக்கேஷன் அப்டேட்ஸ்னு கேக்குது, அப்ப கனெக்ஷன் ரெடியா இல்லன்னா கிராஷ். பைய அமுக்குறவனுக்கு ஒண்ணும் ஆகாது, வெரசா அமுக்குறவனுக்கு ஆகும். அதனாலதான் தினமும் ஆகுது, ஆனா எல்லாருக்கும் ஆகல, டெஸ்ட் பண்றப்ப உங்க கையில ஆகவே மாட்டேங்குது. நீங்க டெஸ்ட் பண்றப்ப நிதானமா ஸ்கிரீனப் பாத்து, எல்லாம் வந்துருச்சான்னு பாத்து அமுக்குவீங்க. மாவு மூட்டைய டேங்க்ல கட்டிட்டு ஒத்தக் கையால போன எடுக்குறவன் அப்படியா அமுக்குவான்.

ரெண்டாவது லாக் இன்னும் வேடிக்க. அதுல விழுந்த எடம் பட்டன் இல்ல, ஆன்பாஸ்ல இருக்குற ரிமூவ் லொக்கேஷன் அப்டேட்ஸ். ஆப் முன்னாடி வேற ஏதாச்சும் வந்து நின்னா ஆன்பாஸ் ஓடும். 5:42:07-க்கு ஆப் தொறந்துருக்கு, 5:42:08-க்கு விழுந்துருக்கு. ஒரு செகண்டுக்குள்ள எவன் ஆப்ப மூடுவான்னு யோசிச்சுத்தான் உங்களுக்கு ஒரு வரி கேட்டு அனுப்புனேன், அந்த நேரத்துல அந்தப் போனுக்கு கால் வந்துச்சான்னு பாருங்கன்னு. நீங்க அனுப்புன ஸ்கிரீன்ஷாட்ல 5:42-க்கு ஒரு கால் இருக்கு. உங்க பெரியப்பாதான். "எங்கடா இருக்க"ன்னு கேக்க போட்டுருக்கார், பையன் எடுத்துருக்கான், கால் ஸ்கிரீன் முன்னாடி வந்துருக்கு, கனெக்டே ஆகாத கிளையன்ட்கிட்ட உங்க ஆப் "போதும் நிறுத்து"ன்னு சொல்லிருக்கு, விழுந்துருச்சு. ஆள் எங்கன்னு தெரியணும்னு ஆப்ப போட்டவரே எங்கன்னு கேட்டு ஆப்ப விழ வச்சுருக்கார். இத அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நீங்கதான் பாத்துக்கணும்.

புதுசா இன்ஸ்டால் பண்ணுன அன்னிக்கு எல்லா போன்லயும் ஒரு தடவ விழுதுன்னு கடைசிப் பக்கத்துல ஒரு வரி எழுதிருந்தீங்கல்ல, அதுவும் இதே கததான். 2015-ல வந்த ஆண்ட்ராய்டு 6-ல இருந்து லொக்கேஷன் பெர்மிஷன் ஆப் ஓடுறப்பதான் கேக்கணும், அந்த அனுமதிப் பெட்டி உங்க ஆப்புக்கு முன்னாடி வந்து நிக்கும், ஆன்பாஸ் ஓடும், அப்புறம் என்ன.

மூணாவது லாக் வேற சாதி. நல் பாயின்டர், அதாவது நல்னு (ஒண்ணுமில்லன்னு) வந்ததுல இருந்து எதையோ எடுக்கப் பாத்தா வர்ற தப்பு. டெலிவரி முடிஞ்சதுன்னு அமுக்குறப்ப கெட் லாஸ்ட் லொக்கேஷன் கேக்குறீங்க, வந்தது நல், அதுல இருந்து லேட்டிட்யூட் எடுக்கப் போயிருக்கீங்க. அந்தப் பையன் ராத்திரி சார்ஜ் மிச்சம் புடிக்க லொக்கேஷன ஆஃப் பண்ணி வச்சுருப்பான். ஆஃப் பண்ணுனா போன் கேஷ்ல (தற்காலிக நினைவுல) இருந்த கடைசி லொக்கேஷனும் அழிஞ்சுரும், திரும்ப ஆன் பண்ணுனாலும் புதுசா ஒண்ணு கெடைக்குற வரைக்கும் நல்தான் வரும். கடைசி லொக்கேஷன்ங்கறது இருந்தா கெடைக்குறது, எப்பவும் இருக்கும்னு யாரும் வாக்கு குடுக்கல.

அப்ப யானைமலை? பாவம் அது படுத்த எடத்துல படுத்துருக்கு. ஜிபிஎஸ் சேட்டிலைட் இருக்குறது 20,000 கிலோமீட்டருக்கு மேல, அதுல இருந்து எடத்தக் கண்டுபுடிக்க சிம் சிக்னலே வேணாம். நெட் இருந்தா முதல் தடவ சீக்கிரம் புடிக்கும், இல்லன்னா கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதான். சிக்னல் இல்லாத எடத்துல நடக்காம போறது உங்க சர்வருக்கு அனுப்புற வேலை மட்டும், அதுக்கு போன்லயே ஒரு சின்ன டேட்டாபேஸ்ல எழுதி வச்சுட்டு சிக்னல் வந்ததும் அனுப்புற மாதிரி பண்ணிக்கணும், ஒர்க் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு அதுக்கு. உண்மையிலேயே எடத்தால கஷ்டம் வர்றது ஒத்தக்கடைல இல்ல, மாசி வீதில. ரெண்டு பக்கமும் நெருக்கி மாடிக் கட்டடம், சேட்டிலைட் சிக்னல் செவுத்துல பட்டுத் திரும்பி வரும், பையன் கீழ மாசி வீதில நிக்கிறப்ப புள்ளி பக்கத்துச் சந்துல நிக்கும். அதுக்கெல்லாம் ஆப் விழாது.

ட்ரை-கேட்ச் பண்ணுன வேலை

இதக் கொஞ்சம் நிதானமா படிங்க, இதுல ஒரு பையனோட 600 ரூபாய் இருக்கு.

கனெக்ட் ஆகுறதுக்கு முன்னாடி பட்டன அமுக்குனா முன்னாடி ஆப் விழுந்துச்சு. விழுந்தா பையனுக்குத் தெரியும், திரும்பத் தொறப்பான், ரெண்டாவது தடவ ப்ளே சர்வீசஸ் ஏற்கனவே முழிச்சு இருக்கும், வேலை நடந்துரும். எரிச்சல்தான், ஆனா புள்ளி வந்துரும். ட்ரை-கேட்ச் போட்ட பிறகு என்ன ஆச்சு? எக்ஸெப்ஷன் வந்துச்சு, உங்க கேட்ச் அத முழுங்கிருச்சு, உள்ள ஒரு லாக் வரி கூட இல்ல, நான் பாத்தேன். அதுக்கு அடுத்த வரி பட்டன பச்சையாக்குறது, அது ட்ரைக்கு வெளிய இருக்கு. ஸோ பட்டன் பச்ச. லொக்கேஷன் கேக்கவே இல்ல. பையன் பச்சையப் பாத்துட்டு போன ஹோல்டர்ல மாட்டிட்டு கிளம்பிட்டான், அங்கிட்டு பெரியப்பா போன்ல அவன் புள்ளியே இல்ல. முழுப் பூசணிக்காய சோத்துல மறைக்கிறதுன்னு சொல்லுவாங்கல்ல, உங்க கேட்ச் மறைச்சுக் குடுத்துருக்கு.

இது யாருக்கு அதிகமா நடக்கும்? ஆப்ப தொறந்ததும் நிக்காம அமுக்கிட்டு கிளம்புறவனுக்கு. உங்க 11 பேர்ல வேகமான பையன் எவனோ அவனுக்கு. இன்சென்டிவ் புடிச்ச பையன் காலைல முதல் ஆளா கிளம்புவான்னு நீங்களே கடிதத்துல வேற ஒரு எடத்துல எழுதிருக்கீங்க, அதையும் இதையும் சேத்துப் பாத்தீங்களான்னு தெரியல. ஆப்ல தப்பு, ஆப் எழுதுனது நீங்க, காசு போனது அவனுக்கு. இந்தக் கோட பெரியப்பா முன்னாடி ஓட வச்சுக் காட்டுங்க. ஒரு போன ரீஸ்டார்ட் பண்ணி, ஆப்ப தொறந்து, உடனே பட்டன அமுக்குங்க, நாலஞ்சு தடவையில ஒரு தடவையாச்சும் பச்ச எரிஞ்சு புள்ளி வராம இருக்கும். அவரே பாக்கட்டும்.

புது போனுக்கு இப்ப அவசியமில்ல. புது போன்ல கனெக்ட் ஆகுற நேரம் குறையும், கிராஷ் அபூர்வமாகும், ஆனா இருக்கும். அபூர்வமா வர்ற கிராஷ்தான் கண்டுபுடிக்க நாள் புடிக்கிறது. 11 போன் காச மிச்சம் பண்ணி வைங்க.

எப்படிச் சரி பண்றது

மூணு வழி இருக்கு, மூணும் ஒரே தரம் இல்ல.

ஒண்ணு, இன்னிக்கு ராத்திரியே பண்ற ஒட்டு வேலை. கிளையன்ட்ட தொடுற ஒவ்வொரு எடத்துலயும் இஸ்கனெக்டட், அதாவது கனெக்ட் ஆயிருச்சான்னு, கேட்டுட்டு தொடுறது. பட்டன் அமுக்குறப்ப கனெக்ட் ஆகலன்னா "கேட்டாங்க"ன்னு ஒரு ஃப்ளாக்ல குறிச்சு வச்சுக்கிட்டு, ஆன்கனெக்டட் வந்ததும் அந்த ஃப்ளாக்க பாத்து ரிக்வெஸ்ட் பண்ணணும். பட்டன் அதுவரைக்கும் மஞ்சளா இருக்கட்டும், முதல் லொக்கேஷன் கையில வந்த பிறகுதான் பச்ச. ஆன்பாஸ்லயும் அதே செக். ஒரு ஓட்ட இருக்கு இதுல: ஆன்பாஸ்ல கனெக்ட் ஆகலைன்னு ரிமூவ விட்டுட்டுப் போயிட்டீங்க, அடுத்த செகண்ட் கனெக்ட் ஆகி ஆன்கனெக்டட்ல ரிக்வெஸ்ட் போயிருச்சுன்னா ஆப் பின்னாடி இருக்குறப்பவும் ஜிபிஎஸ் ஓடி பேட்டரியத் திங்கும். அதனால ஆப் ஸ்கிரீன் மறைஞ்சதும் ஓடுற ஆன்ஸ்டாப்ல மறக்காம டிஸ்கனெக்ட் கூப்பிடுங்க, பாதில இருக்குற கனெக்ட்டையும் அது நிறுத்திரும். அப்புறம் கனெக்ஷன் நடுவுல அறுந்தா வர்ற ஆன்கனெக்ஷன்சஸ்பெண்டட், கெடைக்காமலே போனா வர்ற ஆன்கனெக்ஷன்ஃபெயில்டு ரெண்டும் உங்க கோடுல காலியா கெடக்கு. சஸ்பெண்டட் வந்தா அது தானா திரும்ப கனெக்ட் ஆகப் பாக்கும், நீங்க பட்டன மஞ்சளாக்குனா போதும். ஃபெயில்டு வந்தா காரணக் கோட பாருங்க, 2-ன்னு வந்தா ப்ளே சர்வீசஸ் பழசு, அப்டேட் பண்ணச் சொல்லணும்.

ரெண்டு, நான் பண்ணச் சொல்றது. கூகுள் ஏபிஐ கிளையன்ட்டையே தூக்கிப் போடுங்க. நீங்க பாத்த வீடியோ ரொம்பப் பழசு தம்பி. 2017-ல ப்ளே சர்வீசஸ் 11 வந்தப்பவே ஃப்யூஸ்ட் லொக்கேஷன் ப்ரொவைடர் கிளையன்ட்னு குடுத்துட்டாங்க. அதுல கனெக்ட், டிஸ்கனெக்ட், இஸ்கனெக்டட் எதுவுமே கெடையாது. நீங்க நேரா கேளுங்க, கைகோக்குறதெல்லாம் லைப்ரரியே (அவங்க எழுதிக் குடுத்துருக்குற ரெடிமேட் கோடு) உள்ள பாத்துக்கும், ரெடியாகலன்னா உங்க கோரிக்கைய வரிசைல வச்சுக்கும், முடியலன்னா ஃபெயிலியர் லிசனர்ல வந்து சொல்லும். உங்க முதல் ரெண்டு லாக்கும் பொறக்குறதுக்கே வழி இல்லாம போயிரும். உங்க ஆப் சைசுக்கு ரெண்டு நாள் வேலை. மூணாவது லாக் மட்டும் அப்படியே இருக்கும், அங்கயும் கெட் லாஸ்ட் லொக்கேஷன் நல் குடுக்கத்தான் செய்யும், செக் பண்ணிட்டு, இல்லன்னா கெட் கரண்ட் லொக்கேஷன் கேளுங்க. பட்டன் அமுக்குறப்ப செட்டிங்ஸ் கிளையன்ட்ட வச்சு லொக்கேஷன் ஆன்ல இருக்கான்னு பாத்தீங்கன்னா ஆஃப்ல இருந்தா அங்கயே ஒரு பெட்டி காட்டி ஆன் பண்ண வச்சுரலாம்.

மாத்துறப்ப ஒரு குழி இருக்கு, நானே விழுந்துருக்கேன். 2022-ல லொக்கேஷன் லைப்ரரி 21 வந்தப்ப இந்த கிளையன்ட்ட கிளாஸா இருந்தத இன்டர்ஃபேஸா, அதாவது கோடுல வேற ஒரு வடிவமா, மாத்திட்டாங்க. உங்க கோடு புதுசு, ஆனா நீங்க சேத்துருக்குற வேற ஏதோ ஒரு லைப்ரரி பழைய வெர்ஷனுக்கு கம்பைல் ஆனதுன்னா, பில்டு சுத்தமா முடியும், ஓட விட்டதும் இன்கம்பாட்டிபிள் கிளாஸ் சேஞ்ச் எரர்னு விழும். ஒரு கஸ்டமருக்கு ஆப் குடுத்துட்டு ராத்திரி முழுக்க என் கோடையே தேடிக்கிட்டு இருந்தேன், தப்பு என் கோடுல இல்லவே இல்ல. மேப்புக்கு லொக்கேஷனுக்குன்னு நீங்க சேத்துருக்குற எல்லா லைப்ரரியையும் ஒண்ணா புது வெர்ஷனுக்கு ஏத்துங்க.

மூணு, ஆண்ட்ராய்டோட சொந்த லொக்கேஷன் மேனேஜர். ப்ளே சர்வீசஸே வேணாம். ப்ளே சர்வீசஸ் இல்லாத போன்ல ஓடணும்னா இதுதான் வழி. உங்களுக்குத் தேவையில்ல, கட்டடத்துக்குள்ள வைஃபை, டவர், சென்சார் எல்லாத்தையும் கலந்து எடம் சொல்ற வேலைய ப்ளே சர்வீசஸ் அளவுக்கு நீங்க கையால பண்ண முடியாது. மொத்தமா வேற டெக்னாலஜில திரும்ப எழுதலாமான்னும் ஒரு வரி கேட்டுருந்தீங்க. வேணாம். அங்க போனாலும் அடியில இதே ப்ளே சர்வீசஸ்தான் உக்காந்துருக்கும்.

எது பண்ணுனாலும் டெஸ்ட் பண்ற முறைய மாத்துங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ்ல "டோன்ட் கீப் ஆக்டிவிட்டீஸ்"ன்னு ஒண்ணு இருக்கு, ஒரு ஸ்கிரீன விட்டு வெளிய வந்ததும் போன் அத அழிச்சுரும், அத ஆன் பண்ணிக்கங்க. ஆப் தொறந்த நொடியில தங்கச்சிய விட்டு கால் பண்ணச் சொல்லுங்க. பெர்மிஷன நடுவுல போய் புடுங்குங்க. லொக்கேஷன ஆஃப் பண்ணுங்க. ப்ளே சர்வீசஸ ஆப் இன்ஃபோல போய் ஃபோர்ஸ் ஸ்டாப் பண்ணிட்டு உடனே பட்டன அமுக்குங்க. கிராஷ் லாக்க நமக்கு அனுப்பி வைக்கிற கிராஷ்லிட்டிக்ஸ் சேத்துட்டீங்கன்னா பசங்க வாட்ஸ்ஆப்ல சொல்றதுக்கு முன்னாடி உங்களுக்குத் தெரிஞ்சுரும், இதுக்கு ப்ளே ஸ்டோர்ல ஆப் இருக்கணும்னு இல்ல.

24 மணி நேரமும் ஓட வைக்கலாமா?

வேணாம். ரெண்டு காரணம் சொல்றேன், முதல் காரணம் டெக்னிக்கல், அதுக்கே நீங்க ஒத்துக்குவீங்க.

இப்ப உங்க லொக்கேஷன் கோடு ஆக்டிவிட்டிக்குள்ள, அதாவது ஆப்போட ஸ்கிரீனுக்குள்ள இருக்கு, ஸ்கிரீன் அணைஞ்சா நின்னுரும், அதனாலதான பசங்கள ஸ்கிரீன எரிய விட்டே ஹோல்டர்ல வைக்கச் சொல்லிருக்கீங்க. போன் சூடாகி எட்டு மணிக்கெல்லாம் சார்ஜ் போயிரும். இத ஃபோர்கிரவுண்ட் சர்வீஸா மாத்தணும், மேல நோட்டிஃபிகேஷன் ஒண்ணு நின்னுக்கிட்டே இருக்கும், ஸ்கிரீன அணைச்சுட்டு பாக்கெட்ல போட்டுக்கலாம். சும்மா பேக்கிரவுண்ட்ல கேட்டா 2017-ல வந்த ஆண்ட்ராய்டு 8-ல இருந்து ஒரு மணி நேரத்துக்கு சில தடவதான் லொக்கேஷன் குடுக்கும், மாவு வண்டிக்கு அது பத்தாது. சர்வீஸ் ஆரம்பிச்ச 5 செகண்டுக்குள்ள நோட்டிஃபிகேஷன காட்டிறணும், இல்லன்னா ஆண்ட்ராய்டே ஆப்ப விழ வச்சுரும். ஆண்ட்ராய்டு 10-ல இருந்து மேனிஃபெஸ்ட்ல (ஆப்போட விவரம் இருக்குற ஃபைல்) சர்வீஸ் டைப் லொக்கேஷன்னு எழுதணும். ஆண்ட்ராய்டு 12-ல இருந்து, ஆப் பின்னாடி கெடக்குறப்ப நீங்களா சர்வீஸ ஆரம்பிக்கப் பாத்தா பெரும்பாலும் விடாது, எக்ஸெப்ஷன் அடிக்கும். ஆண்ட்ராய்டு 14-க்கு டார்கெட் பண்ணுனா லொக்கேஷனுக்குன்னு தனி ஃபோர்கிரவுண்ட் சர்வீஸ் பெர்மிஷனும் மேனிஃபெஸ்ட்ல வேணும்.

இப்ப யோசிங்க. ஆள் தூங்குறப்ப தானா ஓட வைக்கப் போனா இந்த ஒவ்வொரு படியிலயும் புதுசு புதுசா கிராஷ் வாங்குவீங்க. பையன் அவனே ஆப்ப தொறந்து கையால "கிளம்பிட்டேன்" அமுக்குறப்ப சர்வீஸ் ஆரம்பிச்சா எல்லாமே ஒழுங்கா நடக்கும், பேக்கிரவுண்ட் லொக்கேஷன் பெர்மிஷன்கூட தேவைப்படாது, "ஆப் யூஸ் பண்றப்ப மட்டும்" அனுமதியே போதும். "முடிச்சுட்டேன்"னு அமுக்குனா நிக்கணும். ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா லொக்கேஷன் கேக்குறீங்க, எதுக்கு? 30 செகண்ட் வைங்க, 50 மீட்டராச்சும் நகந்தாத்தான் அனுப்புன்னு வைங்க. சில போன்ல பேட்டரி ஆப்டிமைசேஷன் சர்வீஸையே கொன்னுரும், அந்த ஆப்புக்கு மட்டும் அத எடுத்து விடணும், 11 போன்தான, ஒரு ஞாயித்துக்கெழம உக்காந்தா முடிஞ்சுரும்.

ரெண்டாவது காரணம் பசங்க. நான் வக்கீல் இல்ல, முடிவான பதில் வேணும்னா தொழிலாளர் வழக்கு பாக்குற வக்கீல் ஒருத்தர கேளுங்க. ஆனா 2023-ல வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோட அடிப்படை, எதுக்கு எடுக்குறோம்னு சொல்லி, ஒத்துக்கிட்ட பிறகு, அதுக்கு மட்டும் எடுக்கணும்ங்கறது. வேலைக்கு வச்சுருக்குறவங்களுக்குன்னு அதுல சில விலக்கு இருக்கு, மறுக்கல, அதுக்காக ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு பையன் யார் வீட்டுல இருக்கான்னு பாக்குறது மாவு சப்ளைல சேராது. தமிழ்ல அர பக்கத்துக்கு எழுதி, எந்நேரம் பாப்போம், எத்தன நாள் வச்சுருப்போம்னு சொல்லி கையெழுத்து வாங்கிருங்க. அதே சட்டத்துல தரவ பத்திரமா வைக்காம விட்டா 250 கோடி வரைக்கும் அபராதம்னு இருக்கு. மாவுக் கடைக்கு அவ்வளவு போட மாட்டாங்க, ஆனா லொக்கேஷனெல்லாம் போய்ச் சேருற உங்க ஃபயர்பேஸ் டேட்டாபேஸ் பூட்டே இல்லாத டெஸ்ட் மோடுலயே இருக்கு தம்பி, 30 நாள் கெடு முடியுறப்பல்லாம் தேதிய தள்ளி வச்சுக்கிட்டே வந்துருக்கீங்க. அட்ரஸ் தெரிஞ்ச யார் வேணும்னாலும் 11 பேரும் எங்க இருக்காங்கன்னு பாக்கலாம். கிராஷ சரி பண்றதுக்கு முன்னாடி அந்த டேட்டாபேஸ யார் பாக்கலாம்ங்குற ரூல்ஸ மாத்துங்க.

திருமங்கலத்துக்காரருக்கு வித்தா

கோடுல பாதி சீனியரோடது. 1957 பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டப்படி எழுதுனவருக்குத்தான் முதல் உரிமை, சம்பளத்துக்கு வேலை பாத்து எழுதுனா மட்டும் முதலாளிக்குப் போகும். "எடுத்துக்கடா"ன்னு வாயால சொன்னது பத்தாது, உரிமைய மாத்திக் குடுக்குறதுன்னா எழுத்துல கையெழுத்தோட இருக்கணும். அதுல எத்தன வருஷம்னு எழுதலன்னா 5 வருஷம்னு எடுத்துக்குவாங்க, அதனால அதையும் எழுதி வாங்குங்க. கூகுள் ஏபிஐ கிளையன்ட்ட தூக்குறப்ப அவர் கோடுல என்ன மிச்சமிருக்கும்னு பாருங்க, ஒண்ணுமே இல்லன்னா பேச்சே வேற. எப்படியும் இப்ப இருக்குற வெர்ஷன விக்காதீங்க, அங்கயும் ஒரு பெரியப்பா இருப்பார்.

புது வெர்ஷன் வர்ற வரைக்கும் ரெண்டு நாள் ஓட்டணுமே, அதுக்கு இத பண்ணுங்க: பசங்ககிட்ட ஆப்ப தொறந்து அஞ்சு எண்ணிட்டு அமுக்கச் சொல்லுங்க, ட்ரை-கேட்ச எடுத்துருங்க, விழுந்தா விழட்டும், விழுந்தது தெரியுறதே மேல். பெரியப்பாவ அஞ்சே முக்காலுக்கு மேல கூப்பிடச் சொல்லுங்க. புது ஏபிகேய 11 பேருக்கும் ஒரே நாள்ல அனுப்பாதீங்க, முதல்ல ஒரே ஒரு போன்ல ஒரு வாரம் ஓடட்டும். அது அந்த வேகமான பையனோட போனா இருக்கட்டும், ஆப்ப அவன மாதிரி யாரும் டெஸ்ட் பண்ண மாட்டாங்க. 600 ரூபாய மட்டும் அவன்கிட்ட குடுத்துட்டு கேளுங்க.